ஐஸ் ஹவுஸில் குடியிருந்தவர்கள்

மெரினாவுக்கு எதிரே, காமராஜர் சாலையில், முன்பக்கம் வட்டமாக வளைந்து நிற்கிற விவேகானந்தர் இல்லத்தைச் சென்னைக்காரர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸைச் சேர்த்து வைத்த கிடங்கு என்பதும் பலருக்குத் தெரியும். அந்த வட்டாரமே இன்னும் ஐஸ் அவுஸ்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். பெசன்ட் சாலையை ஐஸ் அவுஸ் ரோடு என்று சொல்கிற பெரியவர்கள் திருவல்லிக்கேணியில் இன்றும் இருக்கிறார்கள்.

ஆக, ஐஸ் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. 1897ல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் மிக நீண்ட காலம் குடியிருந்தவர்கள் பெண்கள். முதலில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தாலி இழந்த சிறுமிகள், பிறகு ஆசிரியப் பயிற்சிக்கு வந்த மாணவிகள். பல பத்தாண்டுகள் அங்கே படுத்து எழுந்து, படித்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் போக ஐஸைக் கடந்துதான் போக வேண்டும். அந்தக் கதையையும் விட மனம் வரவில்லை.

பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1806ல் கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவுக்கு ஒரு கப்பல் ஐஸ் அனுப்பினார். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். பணம் போயிற்று. கடன் ஏறிக் கடன்காரர் சிறைக்கும் போய் வந்தார். அப்படியும் மனிதர் விடவில்லை. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கிற குளத்துத் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லாத சரக்கு, வெட்டி எடுக்கிற கூலிதான் செலவு என்பது அவர் கணக்கு. மரமறுக்கும் ஆலைகளில் கழிவாகக் குவிந்து கிடந்த மரத்தூள் ஐஸைப் பொதிய உதவியது. குதிரை பூட்டிய ஒருவகைக் கலப்பையை நதானியேல் வைத் என்பவர் 1820களில் உருவாக்கினார். உறைந்த குளத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அதை ஓட்டினால் கட்டம் கட்டமாகக் கோடு விழும். அந்தக் கோட்டில் பிளந்து எடுத்தால் எல்லாக் கட்டிகளும் ஒரே அளவு. இந்த ஒரே அளவுதான் விஷயமே. ஒழுங்கில்லாத துண்டுகளை அடுக்கினால் இடுக்குகளில் காற்று புகுந்து கரைக்கும். சதுரக் கட்டிகளை இடைவெளியில்லாமல் அடுக்கிவிட்டால் உள்ளே இருப்பது ஒன்றையொன்று குளிரவைத்துக்கொள்ளும், வெளிவரிசை மட்டும் கரையும்.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கி, பூமத்திய ரேகையைத் தாண்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மறுபடியும் பூமத்திய ரேகையைத் தாண்டி வர வேண்டும். நாலு மாதப் பயணம். செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் கரையாமல் இருந்தது. அந்த வெற்றிதான் மதராசுக்கும் பம்பாய்க்கும் ஐஸ் வர வழி செய்தது. மாசசூசெட்ஸில் வால்டன் என்றொரு குளம் உண்டு. 1846-47 குளிர்காலத்தில் அங்கேயும் டியூடரின் ஆட்கள் இறங்கி வெட்டினார்கள்.

மதராசில் கிடங்கு எழுந்தது 1842ல். இடம் ஏன் அது என்று கேட்டால், அன்றைய கடற்கரையை மனதில் கொண்டுவர வேண்டும். அப்போது மதராசுக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைக்கு வர வேண்டுமானால் மசூலா படகுதான். ஆணி போடாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை தூக்கிப் போட்டாலும் தையல் நெளிந்து கொடுக்கும், உடையாது. அந்தப் படகுகளில், அலையோடு மல்லுக்கட்டி, ஐஸ் வந்திறங்கியது. இன்று மெரினாவில் நடந்து நடந்து கால் ஓய்ந்தாலும் தண்ணீர் வராது. அவ்வளவு மணல். அதெல்லாம் 1870களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்த பிறகு தெற்குப் பக்கம் ஒதுங்கிச் சேர்ந்தது. ஐஸ் கிடங்கு கட்டிய காலத்தில் கடல் இன்னும் கிட்டே இருந்தது. படகிலிருந்து கிடங்குக்கு ஆட்கள் சுமந்துகொண்டு ஓட வேண்டிய தூரம் குறைவு. ஐஸ் வியாபாரத்தில் அந்த நிமிஷங்களும் காசு.

கட்டடத்தின் வளைவுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரே அளவு இடத்தை அடைக்க வட்டச் சுவருக்கு நீளம் குறைவு. சுவர் குறைந்தால் வெயில் படுகிற பரப்பும் குறையும். தடித்த சுவர், வெளிச்சம் வேண்டாம், காற்று வேண்டாம், ஜன்னலுக்கு வேலையே இல்லை. மனிதர்கள் வாழ்வதற்கு எதெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் கூடாது என்று கட்டிய கட்டடம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த எல்லோரும் இந்தச் சுவரோடு போராட வேண்டியிருந்தது.

ஐஸ் யாருக்குப் போயிற்று? வெள்ளைக்கார வீடுகளுக்கு, கிளப்புகளுக்கு, காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கு. சுமந்து வந்த கூலிக்காரர்களுக்குக் கையில் சொட்டிய தண்ணீர்தான் மிச்சமாக இருந்திருக்கும். 1870களில் மதராசிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு பாஸ்டன் குளத்து ஐஸுக்கு இங்கே என்ன மரியாதை? வியாபாரம் படுத்தது, கிடங்கு காலியானது.

காலியான கிடங்கை வாங்கியவர் பிலிகிரி ஐயங்கார், உயர் நீதிமன்ற வக்கீல். இதை வீடாக்கிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வட்டச் சுவரைச் சுற்றித் தாழ்வாரங்கள் வைத்தார். சுவரைக் குடைந்து ஜன்னல்கள் திறந்தார். நாம் இன்று பார்க்கிற முகம், அந்த வரிசை வரிசையான ஜன்னல்கள், ஐஸ் வியாபாரியின் வேலையில்லை, ஐயங்காருடையது. நீதிபதி கெர்னன் மேல் இருந்த மதிப்பில் காஸில் கெர்னன் என்று வீட்டுக்குப் பெயர் வைத்தார். இவ்வளவு செய்தும் உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்றுதான் சொன்னார்கள். குளிரைப் பூட்டி வைக்கக் கட்டிய சுவர் அவ்வளவு சீக்கிரம் மனம் மாறாது. ஐயங்கார் ஏழை மாணவர்கள் சிலருக்கும் அங்கே தங்க இடம் கொடுத்திருந்தார்.

1897 பிப்ரவரி 6ஆம் தேதி விவேகானந்தர் எழும்பூரில் வந்து இறங்கினார். முன்பு அவரைச் சிகாகோவுக்கு அனுப்பிவைக்க மதராஸ் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்திருந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் திருவல்லிக்கேணியில் குடியிருந்த பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். அவர்களுக்கு இது தங்கள் பிள்ளை ஜெயித்துத் திரும்பி வந்த மாதிரி. குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்தார்கள். சிந்தாதிரிப்பேட்டை, மவுண்ட் ரோடு, வாலாஜா ரோடு, சேப்பாக்கம், பைகிராப்ட்ஸ் ரோடு என்று ஊர்வலம் வந்து சேர்ந்த இடம் காஸில் கெர்னன். அடுத்த நாள் விக்டோரியா ஹாலில் வரவேற்புக் கூட்டம். ஆட்கள் கொள்ளவில்லை. வெளியே வந்து வண்டியின் மேல் நின்று பேசினார். 15ஆம் தேதி கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார்.

அந்த ஒன்பது நாட்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். அந்த நாட்களில் மதராசில் அவர் ஆற்றிய உரைகளில் ஒன்றில் விதவைகள் பிரச்சினை வருகிறது. அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று சீர்திருத்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைக் கேட்கிறீர்களே, நான் விதவையா, நான் பெண்ணா என்று திருப்பிக் கேட்டார். பெண்களின் பிரச்சினையைத் தீர்க்க நீங்கள் யார், கையை எடுங்கள், அவர்கள் விஷயத்தை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள் என்றார்.

பேசிவிட்டுக் கடலோரம் இருந்த அந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அப்போது சுப்புலட்சுமி என்ற பெண்ணுக்குப் பத்து வயது. இருபது வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் தன்னைப் போன்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு குடிவந்தவர் அவர்தான். அந்தக் கோபமான வாக்கு, சொன்னவர் படுத்துறங்கிய அதே கூரையின் கீழ் பலித்தது. விவேகானந்தர் இல்லம் என்ற பெயருக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு சாமியாரை அனுப்புங்கள் என்று மதராஸ் பக்தர்கள் கேட்டதால், 1897 மார்ச்சில் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் வந்தார். தென்னிந்தியாவில் ராமகிருஷ்ண மடம் முளைத்தது ஐஸ் ஹவுஸில்தான். அவர் அங்கே பூஜை செய்தார், ஊரெல்லாம் நடந்து வகுப்பு எடுத்தார். ஐயங்கார் 1902ல் காலமானார். 1906ல் வீடு ஏலத்துக்கு வந்தது. வாங்குவதற்கு மடத்திடம் பணமில்லை. ராமகிருஷ்ணானந்தர் அதே வளாகத்தில் இருந்த வெளிவீடு ஒன்றுக்கு மாறினார். 1907ல் மயிலாப்பூர் பிராடீஸ் ரோட்டில் மடத்துக்குச் சொந்த இடம் அமைந்தது. அந்தச் சாலைக்கு இன்று ராமகிருஷ்ண மடம் சாலை என்றே பெயர். ஏலத்தில் கைமாறிய ஐஸ் ஹவுஸ் ஒரு ஜமீன்தாரிடம் போய், 1917ல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

அப்புறம்தான் பெண்கள்.

சுப்புலட்சுமி 1886ல் பிறந்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்து ரிஷியூர் குடும்பம். பதினோரு வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்துப் பிராமண வீடுகளில் அப்படி ஒரு குழந்தைக்கு என்ன நடக்கும் என்பதைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். வயது வந்ததும் தலையை மழிப்பார்கள். வெள்ளைப் புடவை அல்லது நார்மடி. ஒருவேளைச் சாப்பாடு. கல்யாணம், வளைகாப்பு எதிலும் முன்னால் வரக் கூடாது. யாராவது வெளியே கிளம்பும்போது எதிரே வந்துவிட்டால், கிளம்பியவர் திரும்ப உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அந்தப் பெண் அதை ஜன்மம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். செத்தவன் முகம்கூட அவளுக்குச் சரியாக ஞாபகம் இருக்காது.

சுப்புலட்சுமியின் அப்பா சுப்பிரமணிய ஐயர் இந்த வழியில் போகவில்லை. மகளின் தலையில் கத்தி வைக்க விடவில்லை. படிக்க வைத்தார். 1911ல் மாநிலக் கல்லூரியில் சுப்புலட்சுமி பட்டம் பெற்றார். மதராஸ் மாகாணத்தில் ஒரு பிராமண விதவை பி.ஏ. வாங்குவது அதுதான் முதல் தடவை. கூட நின்றவர் சித்தி வாலாம்பாள். அவரும் விதவை. எழும்பூர் வீட்டில் நாலு விதவைச் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு இல்லம் ஆரம்பித்ததில் சித்தியின் பங்கு பெரிது. சுப்புலட்சுமி பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தினால், வீட்டில் இந்தப் பெண்களுக்குச் சோறு போட்டு, தலை வாரி, அழுதால் தேற்றி வளர்த்தவர் சித்திதான். இப்படிப்பட்ட கதைகளில் ஒருவர் பெயர் மேலே வந்துவிடும். அடுப்படியில் நின்றவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசாங்கம் இதில் ஏன் இறங்கியது? பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. கல்யாணமான பெண்களை வேலைக்கு அனுப்ப வீடுகள் தயாரில்லை. பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையாருக்கு ஒன்று பட்டது. வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கிற இந்தப் பெண்களைப் படிக்க வைத்தால் அவர்களுக்கு ஒரு வாழ்வு, பள்ளிகளுக்கு ஆசிரியை. மேல்சாதி வீட்டுக்காரர்களும் அந்த ஆசிரியைகளை நம்பிப் பெண் குழந்தைகளை அனுப்புவார்கள். கருணையும் கணக்கும் சேர்ந்த யோசனை. சிறுமிகள் கூடக் கூட வாடகை வீடுகள் போதாமல் போயின. கடைசியில் 1917ல் அரசாங்கம் அந்த இல்லத்துக்காக ஐஸ் ஹவுஸை வாங்கியது.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த இல்லத்தைப் பாராட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. அது பிராமண விதவையர் இல்லம். பெயரே அதுதான். அரசாங்கப் பணத்தில் வாங்கிய கட்டடத்தில், வேறு சாதியில் பிறந்து அதே துயரத்தில் இருந்த பெண்ணுக்கு இடமில்லை. சுப்புலட்சுமி வாழ்ந்த சமூகத்தில் மடி ஆசாரம் குலையாது என்று சொன்னால்தான் அப்பாக்கள் பெண்ணை அனுப்புவார்கள் என்ற நிலைமை எனக்குப் புரிகிறது. புரிவதால் வாசலில் நின்று திரும்பிப் போனவர்களின் கணக்கு இல்லாமல் போய்விடாது. அந்தச் சுவர் வெயிலை மட்டும் வெளியே நிறுத்தவில்லை.

ஆனால் உள்ளே வந்தவர்களுக்கு நடந்தது சாதாரணமில்லை. அக்கிரகாரத்து இருட்டு அறையில், யார் கண்ணிலும் படாதே என்று வளர்ந்த பெண் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் எதிரே வங்காள விரிகுடா. அந்த ஜன்னல் ஐயங்கார் குடைந்தது. சந்தடியில்லாமல் அவரும் இவர்களுக்கு ஒரு நன்மை செய்திருக்கிறார். இங்கே யாரும் அவளைப் பார்த்துச் சகுனம் பார்க்கப் போவதில்லை. எல்லோரும் ஒரே மாதிரி. தலைமுடி வளரலாம். பரீட்சைக்குப் படிக்கலாம். அதே கடற்கரைச் சாலையில் கொஞ்சம் தெற்கே 1914ல் பெண்களுக்கான கல்லூரி தொடங்கியிருந்தது, இன்றைய ராணி மேரிக் கல்லூரி. வடக்கே சுப்புலட்சுமி படித்த மாநிலக் கல்லூரி. மதராசில் பெண்கள் படிப்பின் முதல் தலைமுறையை இந்த ஒரு சாலையிலேயே நடந்துபோய்ப் பார்த்துவிடலாம்.

1922ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. தலைமை சுப்புலட்சுமிக்கு. விதவை என்றால் எதிரே வராதே என்று சொன்ன ஊரில், விதவையர் இல்லத்திலிருந்து படித்து வெளியே போன பெண் வகுப்பின் முன்னால் நின்று பாடம் சொல்லிக் கொடுத்தாள். காலையில் முதல் மணி அடித்ததும் நாற்பது குழந்தைகள் எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். சட்டம், மாநாடு, தீர்மானம் எல்லாவற்றுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. சுப்புலட்சுமியே குழந்தைத் திருமணத் தடைக்காகப் பேசியவர்தான். ஆனாலும் இந்தக் காலை வணக்கம் ஊர் ஊராகச் செய்த வேலை அவற்றுக்குக் குறைந்ததில்லை என்று நான் நம்புகிறேன். மாதம் பிறந்தால் சம்பளம், மணியார்டரில் அண்ணன் வீட்டுக்குப் பணம். அந்த வீட்டில் அதன் பிறகு அவள் மூலையில் உட்கார வேண்டியதில்லை.

சுப்புலட்சுமி பின்னாளில் மேலவை உறுப்பினரானார், 1958ல் பத்மஸ்ரீ, மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளி, தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் சமூக நல மையம் என்று நிறையச் செய்தார். அவர் தொடங்கிய சாரதா வித்யாலயத்தை ராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்துகிறது. மடம் முளைத்த வீட்டில் குடிவந்தவருடைய பள்ளி, சுற்றி வந்து மிஷனிடமே சேர்ந்திருக்கிறது. 1969 டிசம்பரில் மறைந்தார்.

பிறகு அந்தக் கட்டடம் பயிற்சி மாணவிகளின் விடுதியாகத் தொடர்ந்தது. எங்கள் பெரியம்மா ஒருவர் அறுபதுகளில் அங்கே தங்கிப் படித்தவர். வரலாறு எதுவும் தெரியாமல்தான் போய்ச் சேர்ந்தாராம். அவர் சொல்வது எல்லாம் வேறு மாதிரி விஷயங்கள். வளைந்த சுவர் என்பதால் டிரங்குப் பெட்டியை எப்படி நகர்த்தினாலும் சுவரோடு ஒட்டாது. பின்னால் பிறைச் சந்திரன் மாதிரி ஒரு சந்து. ஹேர்பின், பென்சில், காலணா எல்லாம் அதில் விழும். லீவுக்கு ஊருக்குப் போகிற அன்றைக்குப் பெட்டியை இழுத்தால் வருஷம் முழுக்கத் தொலைந்ததெல்லாம் வரிசையாகக் கிடைக்கும், அதில் பாதி பக்கத்துக் கட்டில்காரியுடையது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை உப்புக் கரிக்கும். துவைத்த புடவையைக் காயப்போட்டு எடுத்தால் மடிப்பில் மணல். கொடியில் போட்ட இரும்பு கிளிப் ஒரு வாரத்தில் துருவேறி ரவிக்கையில் கறை வைக்கும். அதனால் எல்லோரும் மர கிளிப்புக்கு மாறினார்களாம்.

“பரீட்சை சமயத்துல ராத்திரி வராந்தாவுலதான் உக்காந்து படிப்போம்டா. உள்ள புழுக்கம் தாங்காது. ஐஸ் வெச்ச ரூமாம், எங்களுக்கு வேர்த்துக் கொட்டும்” என்பார்.

அவருக்கு முன்னால் எண்பது வருஷமாக அந்தச் சுவரைப் பற்றி எல்லோரும் சொன்ன புகார் அதுதான்.

அவர் அங்கே சேர்வதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், 1963ல், விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி அரசாங்கம் அந்தக் கட்டடத்துக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டியிருந்தது. பெயர் அது, உள்ளே இருந்தது பெண்கள் விடுதி. 1997ல், விவேகானந்தர் வந்து போன நூறாவது ஆண்டில், கட்டடத்தை ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஏலத்தில் போனதைப் பார்த்துக்கொண்டு நின்ற மடம் தொண்ணூறு வருஷம் கழித்துத் திரும்ப உள்ளே வந்தது. பழுதுபார்த்து, 1999ல் கண்காட்சி திறந்தார்கள். விவேகானந்தர் தங்கிய அறையைத் தியானத்துக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது, அதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

ஏனென்றால் இப்படி நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. டியூடரின் கல்கத்தா கிடங்கும் பம்பாய் கிடங்கும் இன்று இல்லை. இதே சாலையில் ராணி மேரிக் கல்லூரி தொடங்கிய கேப்பர் ஹவுஸ் இல்லை. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் 1985ல் எரிந்து போயிற்று. ஐஸ் ஹவுஸ் பிழைத்ததற்குக் காரணம் அதன் அழகோ, யாரோ பாதுகாத்ததோ இல்லை. பெரிய காலியிடம் மலிவாக வேண்டும் என்ற தேவை யாருக்காவது இருந்துகொண்டே இருந்தது. அந்தத் தேவை வேறு போக்கிடமில்லாதவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது. காசில்லாத மடம், விதவைச் சிறுமிகள், வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வந்த கீழ்நடுத்தர வீட்டுப் பெண்கள். இவர்கள் ஒவ்வொரு நாளும் கூட்டி, பெருக்கி, ஒழுகினால் பாத்திரம் வைத்து, விளக்கேற்றியதால்தான் நமக்கு இன்று பார்க்க ஒரு கட்டடம் மிச்சம். அதனால் ஐஸுக்கும் சுவாமிக்கும் கிடைத்திருக்கிற ஞாபகத்தில் அவர்களுக்கும் சரிபங்கு உண்டு என்கிறேன். பிச்சை கேட்கவில்லை, அவர்கள் பாக்கியைக் கேட்கிறேன்.

அரசாங்கமோ மடமோ அந்தக் கட்டடத்தில் ஒரு முழு அறையை அந்தப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும். சுப்புலட்சுமி, வாலாம்பாள் படங்களோடு நிறுத்தாமல், அங்கே தங்கிப் படித்தவர்களின் பெயர்களும், பிறகு எந்த ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்தார்கள் என்பதும் சுவரில் இருக்க வேண்டும். அதற்கு விவரம் வேண்டும். அந்த விவரம் பாதி நம் வீடுகளில்தான் இருக்கிறது.

விதவையர் இல்லத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள், பெரும்பாலும். தம்பி பிள்ளைகளையும் அக்கா பேத்திகளையும் அவர்கள்தான் படிக்க வைத்தார்கள். உங்கள் வீட்டில் டீச்சர் அத்தை, டீச்சர் பாட்டி என்று யாராவது இருந்திருந்தால், மதராசில் ஐஸ் ஹவுஸில் படித்தேன் என்று அவர் சொல்லிக் கேட்டிருந்தால், பீரோவைக் கொஞ்சம் குடைந்து பாருங்கள். சர்டிபிகேட் இருக்கும். வட்டத் தாழ்வாரத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து எடுத்த குரூப் போட்டோ இருந்தாலும் இருக்கும். வீட்டிலேயே வயதான ஒருவரிடம் காட்டி, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும். அப்புறம் போனில் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெரியம்மாவின் 1960களின் பட்டியலை நான் ஏற்கெனவே எழுத ஆரம்பித்துவிட்டேன். அவர் அறையில் இருந்தவர்கள் எல்லோருடைய பெயரும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. பக்கத்து அறைக்காரர்களில் இரண்டு பேர் பெயர்தான் வரவில்லை. ஒருவர் திருவண்ணாமலைப் பக்கம், நன்றாகப் பாடுவார். இன்னொருவர் நாகர்கோவில்.